சிறுகலத்தில் துப்பாக்கி

நெடுங்கடலில் பாய்மரப் படகு ஓட்டுபவர் கலத்தில் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பது கடலோடிகளிடையே நெடுநாளாகத் தீராத வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது சட்டமும் உத்தியும் சார்ந்த விஷயம். அடியில் கிடப்பது அறம் பற்றிய பழைய கேள்வி: தன்னைக் கொல்ல வருபவனைக் கொல்வது குற்றமா, உரிமையா, கடமையா? கரையில் இக்கேள்வி முழு வடிவில் எழுவது அரிது. அங்கே பொலிஸ் உண்டு, நீதிமன்றம் உண்டு, கூப்பிட்டால் ஓடிவரும் அயலவர் உண்டு. கரைக்குப் பல நூறு கடல் மைல் அப்பால், பன்னிரண்டு மீற்றர் நீளப் படகில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் இரவில், அவர்களுக்கும் வருபவனுக்கும் நடுவே எவருமில்லை. அறநூல்கள் பெரும்பாலும் ஓர் ஊரையும் ஓர் அரசையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த ஆதரவு இல்லாத இடத்தில் அவை என்ன சொல்கின்றன என்பதைக் கடல்தான் சோதிக்கிறது.

இலங்கைக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. வாடைக்காற்றுக் காலத்தில் தாய்லாந்து, மலேசியக் கரைகளிலிருந்து செங்கடலை நோக்கிப் போகும் பாய்மரப் படகுகள் காலித் துறைமுகத்தில் தங்கிச் செல்வது நீண்டகால வழக்கம். அதே சமுத்திரத்தில் நீர்கொழும்பு, சிலாபம், பேருவளைப் பகுதிகளின் பலநாள் மீன்பிடிப் படகுகளும் வாரக்கணக்கில் தொழில் செய்கின்றன. 2024 ஜனவரியில், கொழும்புக்கு வடக்கேயுள்ள டிக்கோவிட்ட துறைமுகத்திலிருந்து சென்றிருந்த ‘லொரென்சோ புத்தா 4’ என்ற படகை, மொகடிசுவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 840 கடல் மைல் தொலைவில் சோமாலியக் கொள்ளையர் கைப்பற்றினர். படகில் ஆறு பேர் இருந்தனர். சீஷெல்ஸ் கரையோரக் காவற்படை சில நாட்களிலேயே படகை மறித்து அறுவரையும் மீட்டது. கொள்ளையர் மூவர் கைதாயினர். 2017 மார்ச்சில் எட்டு இலங்கை மாலுமிகளுடன் கடத்தப்பட்ட ‘ஆரிஸ் 13’ எண்ணெய்க் கப்பலும் மீட்புப் பணம் இன்றியே விடுவிக்கப்பட்டது. எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. 2010 நவம்பரில் கடத்தப்பட்ட ‘அல்பெடோ’ என்ற சரக்குக் கப்பல் 2013இல் கொள்ளையர் பிடியிலிருந்தபோதே மூழ்கியது. அதிலிருந்த இலங்கையர் எல்லோரும் வீடு திரும்பவில்லை.

ஆயுதம் வேண்டும் என்போரின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. 2005 மார்ச்சில் ஏமன் கரைக்கு அப்பால், துணையாகச் சேர்ந்து சென்ற இரண்டு அமெரிக்கப் பாய்மரப் படகுகளைத் துப்பாக்கி ஏந்தியவர்கள் தாக்கினர். ஒரு படகோட்டி தம்மிடமிருந்த சன்னத் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். மற்றவர் தம் கலத்தைத் தாக்க வந்த படகின் மீதே மோதவிட்டார். இரு படகினரும் உயிர் தப்பினர். வணிகக் கப்பல்களின் அனுபவமும் அதே பக்கம் பேசுகிறது: சோமாலியக் கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், ஆயுதக் காவலர் ஏறிய வணிகக் கப்பல் எதுவும் கடத்தப்படவில்லை என்பது கப்பல் தொழிலில் பலரும் எடுத்துக்காட்டும் செய்தி. அந்தக் காவலர் ஏறி இறங்கும் துறையாகக் காலி வளர்ந்தது. ஓய்வுபெற்ற படையினர் பலர் அதில் பிழைத்தனர். பின்னர் அதுவே நாற்றமெடுத்தது. 2015இல் காலியில் நின்ற ‘மஹநுவர’ என்ற மிதக்கும் ஆயுதக் களஞ்சியம் பற்றிய சர்ச்சை ஓர் அமைச்சரின் பதவி விலகல்வரை போனது. கடைசியில் அந்தப் பணியைக் கடற்படையே கையேற்றது.

ஆனால் கப்பலுக்குப் பொருந்துவது படகுக்குப் பொருந்துவதில்லை. கப்பலுக்கு உயர்ந்த பக்கச் சுவர் உண்டு, வேகம் உண்டு, முறை வைத்து விழித்திருக்கும் பயிற்சி பெற்ற காவலர் உண்டு. பாய்மரப் படகு ஐந்தாறு நொட் வேகத்தில் நகரும். அதன் விளிம்பைச் சிறு வள்ளத்தில் நிற்பவன் கையால் பற்றலாம். நியூசிலாந்தின் புகழ்பெற்ற கடலோடி பீற்றர் பிளேக் 2001 டிசம்பரில் அமேசன் ஆற்றின் வாயிலருகே மக்காப்பாவில் நங்கூரமிட்டிருந்தபோது, முகமூடிக் கொள்ளையர் அவரது கலத்தில் ஏறினர். அவர் கீழே போய்த் துப்பாக்கியோடு வந்து ஒருவனின் கையைச் சுட்டார். பிறகு துப்பாக்கி பழுதாகி நின்றது. அவர் சுடப்பட்டு இறந்தார். கலத்தில் இருந்த மற்றவர்கள் உயிர் தப்பினர். கொள்ளையர் கொண்டுபோனவை கைக்கடிகாரங்கள், வெளியிணை இயந்திரம் போன்ற பொருட்களே. மறுபுறம், 2011 பெப்ரவரியில் ‘குவெஸ்ற்’ என்ற படகிலிருந்த நான்கு அமெரிக்கர், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்து நின்று பேச்சு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே கொள்ளையரால் கொல்லப்பட்டனர். விளைவுகளை மட்டும் எண்ணித் தீர்ப்புச் சொல்ல முயல்பவருக்குக் கடல் இரு தரப்புக்கும் சாட்சி தரும். ஆகவே கேள்வி மறுபடியும் அறநூல்களிடமே வந்து சேர்கிறது.

கொழும்பில் அந்த நூல்களின் குரல்கள் ஒன்றுக்கொன்று நடைத்தொலைவில் உள்ளன. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பகுதியில் மீனவரும் மாலுமிகளும் நேர்ந்துகொள்ளும் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேசர் கோவில் இருக்கிறது. பழைமை வாய்ந்த தீபதுத்தாராம விகாரை இருக்கிறது, பள்ளிவாசல்களும் உண்டு. இவற்றில் எந்த மரபும் இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தரவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

திருக்குறளின் கொல்லாமை அதிகாரம் கடுமையானது. தன் உயிரே போவதானாலும் பிறிதோர் உயிரைப் போக்கும் செயலைச் செய்யக்கூடாது என்று அது தயக்கமின்றிக் கூறுகிறது. அதே வள்ளுவர் பொருட்பாலில், கொடியவரைக் கொலையால் தண்டிக்கும் அரசனைப் பயிர் காக்கக் களையெடுக்கும் உழவனுக்கு ஒப்பிடுகிறார். முரண்பாடு போலத் தோன்றும் இரண்டும் உண்மையில் இருவருக்குச் சொல்லப்பட்டவை. கொல்லாமை வருவது துறவறவியலில்; தண்டனை வருவது அரசியலில். நடுவே நிற்கும் இல்லறத்தான், மனைவி மக்களோடு கடல் கடப்பவன், எந்த அதிகாரத்துக்கு உரியவன் என்பதை நூல் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

கிறிஸ்தவ மரபின் தொடக்ககால ஆசிரியர்களும் கிட்டத்தட்ட இதே கோட்டைத்தான் கிழித்தார்கள். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக இருந்த அம்புரோசியார் கடமைகள் பற்றி எழுதிய நூலில் கப்பற்சேதத்தையும் ஆயுதக் கொள்ளையனையும் ஒரே இடத்தில் எடுத்துப் பேசுகிறார். மூழ்கும் கடலில் இன்னொருவன் பிடித்த பலகையைப் பறிக்கக்கூடாது. ஆயுதத்தோடு வரும் கொள்ளையனைத் திருப்பி அடிக்கவும் கூடாது, உயிரைக் காக்கப் போய் அன்பைக் கறைப்படுத்துவதாகும் என்பது அவர் கருத்து. அவரிடம் திருமுழுக்குப் பெற்ற அகுஸ்தீனாரும், கொல்லப்படாமலிருக்கக் கொல்வதைத் தனி மனிதனுக்கு ஒப்பவில்லை. போர்வீரனோ பொது அதிகாரியோ பிறருக்காகச் செய்வதை மட்டுமே விலக்காக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் இதை நெகிழ்த்தினார். தற்காப்புச் செயலுக்கு இரு விளைவுகள் உண்டு: தன்னுயிர் காத்தல், தாக்குபவனின் சாவு. முதலாவதையே நாடி, தேவைக்கு மிஞ்சாத வலுவைப் பயன்படுத்தினால் குற்றமில்லை என்றார். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் ஒரு படி மேலே போய், பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குப் பாதுகாப்பு பாரதூரமான கடமையாகவும் ஆகலாம் என்கிறது.

இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி சட்டமரபு இதே விடயத்தில் நுணுக்கமாகப் படிகளை வகுத்திருக்கிறது. சொல்லால் தடுக்க முடிந்தால் கையை ஓங்கக்கூடாது. கையால் முடிந்தால் ஆயுதம் எடுக்கக்கூடாது. பொருளைக் காத்து மடிபவர் தியாகி என்ற நபிமொழியும் உண்டு. தன்னைக் கொல்லக் கை நீட்டிய சகோதரனை நோக்கித் தன் கையை நீட்ட மறுத்த ஆதாமின் மகனைக் குர்ஆன் போற்றிச் சொல்லும் கதையும் உண்டு. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்த சட்ட அறிஞர்கள் படிமுறையில் போய் நின்றது இயல்பே. ஆனால் அந்தப் படிகளில் ஏறுவதற்கு அவகாசம் வேண்டும். இருட்டில் படகு உரசும் சத்தம் கேட்ட நொடியில் அது கிடைப்பதில்லை.

தேரவாத பௌத்தத்தில் இடம் இன்னும் குறுகல். கொலைக்கு ஐந்து உறுப்புகள் உண்டு என்று உரைநூல்கள் பிரிக்கின்றன: உயிர் இருத்தல், அது உயிர் என அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, சாவு. அபிதம்மத்தின்படி கொல்லும் கணத்தில் மனத்தில் வெறுப்பு இல்லாமலிருக்க முடியாது. எனவே நல்ல கொலை என ஒன்று இல்லை. ஆயுத வணிகம் இல்லறத்தாருக்கு விலக்கப்பட்ட ஐந்து தொழில்களுள் ஒன்று. ஆயினும் மகாவம்சம், துட்டகைமுனு மன்னன் போரில் மாண்டவர்களை எண்ணி வருந்தியபோது, இறந்தவருள் மனிதராகக் கணக்கில் வருவோர் ஒன்றரைப் பேரே என்று அரகந்தர் ஆறுதல் கூறியதாக எழுதி வைத்திருக்கிறது. மும்மணிகளைச் சரணடைந்தவன் ஒருவன், ஐந்து சீலத்தையும் ஏற்றவன் ஒருவன். இருவருக்கும் கிடைத்த மதிப்பு அவ்வளவு. கொலையை மறுக்கும் சமயமும் கொன்றவனைத் தேற்ற வேண்டி வரும்போது முதலில் செய்வது, கொல்லப்பட்டவனை மனிதர் பட்டியலிலிருந்து எடுப்பதுதான். கடற்கொள்ளையன் எல்லோருக்கும் பொதுப்பகைவன் என்ற சிசெரோவின் பழைய கருத்தும் அதே வேலையைச் செய்யக்கூடியது.

இந்தக் கேள்விக்கு மிக நெருங்கிய பழங்கதை மகாயான பௌத்தத்தில் இருக்கிறது. உபாயகௌசல்ய சூத்திரத்தில், மகாகருணிகன் என்ற மாலுமி ஐந்நூறு வணிகரை ஏற்றிச் செல்கிறான். கப்பலில் ஒரு கொள்ளையன் எல்லோரையும் கொல்லத் திட்டமிட்டிருக்கிறான். மாலுமி வணிகரிடம் சொன்னால் அவர்கள் கோபத்தில் அவனைக் கொன்று நரகம் புகுவார்கள். சொல்லாவிட்டால் கொள்ளையன் ஐந்நூறு பேரைக் கொன்று நரகம் புகுவான். யோசித்து, நரகத்தைத் தானே ஏற்பதாக முடிவு செய்து, மாலுமி அவனைக் கொல்கிறான். தேரவாத இலங்கை இந்நூலை ஏற்பதில்லை. எனினும் திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் உள்ள பழைய சமஸ்கிருதக் கல்வெட்டு, கடல் வணிகரையும் அவலோகிதேசுவரரையும் சேர்த்தே பேசுவதால், இத்தகைய சிந்தனை இத்தீவின் துறைகளுக்கு அந்நியமாக இருந்திராது. படகில் துப்பாக்கி வேண்டும் என்போர் இக்கதையைத் தங்கள் பக்கம் இழுக்க முடியும். இழுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொள்ளையனின் எண்ணத்தை மாலுமிக்குக் கனவில் வந்து சொன்னவை கடல் தெய்வங்கள். அவனுக்கு ஐயமே இல்லை. கொல்வதை நியாயப்படுத்தும் இக்கதை, கொல்பவனுக்கு முழு அறிவையும் கொடுத்த பிறகே நியாயப்படுத்துகிறது.

இன்றைய கடலோடிக்குக் கனவில் யாரும் வந்து சொல்வதில்லை. அவர் காண்பது, விளக்கில்லாமல் வேகமாக நெருங்கும் ஒரு வள்ளம். அது கொள்ளையன் வள்ளமாக இருக்கலாம். விரித்த வலைமீது படகு ஏறிவிடாமல் திருப்பிவிட வரும் மீனவராகவும் இருக்கலாம். தண்ணீரோ சிகரெட்டோ கேட்க வருபவராகவும் இருக்கலாம். 2012 பெப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால், ‘என்றிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த கடற்படை வீரர்கள், ‘செயின்ற் அன்ரனி’ என்ற மீன்பிடிப் படகைக் கொள்ளையர் படகென்று கருதிச் சுட்டதில் இரு மீனவர் இறந்தனர். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். வழக்கு ஒன்பது ஆண்டு இழுபட்டு, பத்துக் கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அதே 2012 ஜூலையில் துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்று சுட்டதில் தமிழ்நாட்டு மீனவர் ஒருவர் இறந்தார். இரு சம்பவங்களிலும் சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர்; நேரம் பகல். பாக்கு நீரிணையின் இரு கரை மீனவர்களுக்கும், சந்தேகத்தின் பேரில் சுடப்படுவது என்ன என்பதைப் போர்க்காலம் கற்றுக்கொடுத்திருக்கிறது. படைவீரர் பகலில் செய்த பிழையைத் தூக்கக் கலக்கத்தில் எழுந்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ பொறியியலாளரோ இரவில் செய்யமாட்டார் என்று நம்ப இடமில்லை.

சுடாமல் காட்டினால் போதாதா என்று கேட்பவருண்டு. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷனுக்கு வருவோர் அறிந்த ஒரு கதை இங்கே உதவும். யாரையும் கடிக்காதே என்று துறவி சொன்னதைக் கேட்ட பாம்பு, மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராகிறது. கடிக்காதே என்றுதான் சொன்னேன், சீறாதே என்று சொல்லவில்லையே என்கிறார் துறவி. இராமகிருஷ்ணர் இதை இல்லறத்தாருக்காகவே சொன்னார் என்பதால், குறள் விட்ட இடைவெளியை இக்கதை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் கதையில் எதிரே நிற்பவர்கள் கல்லெறியும் சிறுவர்கள். தானியங்கித் துப்பாக்கியோடு வருபவனுக்கு முன்னே காட்டப்படும் துப்பாக்கியைச் சீறலாக அவன் எடுத்துக்கொள்ளமாட்டான். தன்னைச் சுடப் போகிறார்கள் என்று எண்ணி முந்திக்கொள்வான். சீறுவதற்குப் படகில் வேறு கருவிகள் உண்டு. ஒளிவிளக்கு, ஊதுகொம்பு, 16ஆம் அலைவரிசை வானொலி, அருகே செல்லும் துணைப்படகு எல்லாம் சீறலே. 1895 முதல் 1898 வரை தனியே உலகைச் சுற்றிய யோசுவா ஸ்லோகம், மகெல்லன் நீரிணையில் இரவு உறங்கப் போகுமுன் தளத்தில் கம்பள ஆணிகளைப் பரப்பி வைத்தார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக்கொண்டு கடலில் குதித்தனர். அவரிடம் துப்பாக்கியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அன்றிரவு படகைக் காத்தவை ஆணிகள்.

தமிழில் இதற்குப் பழைய சான்று மணிமேகலையின் சாதுவன். கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய அவ்வணிகனை மனிதரைத் தின்னும் நாகர் சூழ்கிறார்கள். அவன் அவர்கள் மொழி அறிந்தவன், பேசுகிறான். தலைவனிடம் கொண்டுபோகப்படுகிறான், முடிவில், கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதீர்கள் என்று அவனே அவர்களுக்கு அறம் சொல்கிறான். காப்பியத்துக்கு இது வசதியான முடிவு என்று சொல்லலாம். ஆனால் சோமாலியாவில் ‘ஆரிஸ் 13’ விடுவிக்கப்பட்டதிலும் குலப் பெரியவர்களின் பேச்சுக்குப் பங்கு இருந்தது. அங்குள்ள கரையோர மக்கள், அந்நிய இழுவைப் படகுகள் தங்கள் மீனை அள்ளிச் சென்றதையே தம் குறையாகச் சொன்னார்கள். கொள்ளையை அது நியாயமாக்காது. எதிரே வருபவன் பேசக்கூடிய மனிதன் என்பதை மட்டும் நினைவூட்டும்.

சட்டமும் துப்பாக்கிக்காரருக்கு அதிகம் உதவுவதில்லை. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை ஏற்கிறது. கொலை செய்யவும் சில நிலைமைகளில் இடம் தருகிறது. தேவைக்கு மிஞ்சிய தீங்கையும், அரச அதிகாரிகளை நாட அவகாசம் இருந்தும் நாடாமையையும் ஏற்பதில்லை. வெளிநாட்டுப் படகு துறைமுகத்துக்குள் வந்தால் ஆயுதத்தைச் சுங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். பல நாடுகளில் படகு புறப்படும்வரை அதை அதிகாரிகளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிறுபடகுக் களவுகள் பெரும்பாலும் நங்கூரமிட்ட இடத்திலேயே நடப்பதால், துப்பாக்கி தேவைப்படும் இரவில் அது சுங்கத்தின் அலுமாரியில் இருக்கும். அறிவிக்காமல் ஒளித்து வைப்பவர் தாமே குற்றவாளியாகிறார். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் பிடிபட்ட ‘சீமன் கார்ட் ஒகையோ’ ஆயுதக் காவற் கப்பலின் 35 பேருக்கு 2016இல் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். நான்கு ஆண்டுகள் போனதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில் பெரும்பாலும் விடுபடும் ஒரு வேறுபாடு முக்கியமாகிறது. தற்காப்புக் கொலையை ஒப்பும் எல்லா மரபுகளும் அதை வேறு வழியின்மை என்ற நிபந்தனையோடுதான் ஒப்புகின்றன. மீனவர் அக்கடலுக்குப் போவது சோற்றுக்காக. உல்லாசப் படகோட்டி போவது விருப்பத்துக்காக. அவருக்கு வேறு பாதை உண்டு, வேறு பருவம் உண்டு, படகைக் கப்பலில் ஏற்றி அனுப்பவும் முடியும். ஆபத்தான நீரைத் தெரிந்தே தெரிவு செய்து, அதைக் கடக்கத் துப்பாக்கியும் எடுத்துச் செல்பவர், வேறு வழியில்லாமல் கொன்றேன் என்று பின்னர் கூற முடியாது. குடும்பத்தைக் காப்பது கடமை என்றால், அக்கடமை நிறைவேற வேண்டிய இடம் புறப்படும் துறைமுகம். கட்டிலுக்கடியில் தோட்டா நிரப்பி வைத்த துப்பாக்கி, யார் வருகிறார் என்று தெரிவதற்கு முன்பே எடுத்து வைத்த முடிவு. அந்த முடிவை எடுக்கும் அறிவு நடுக்கடலில் எவருக்கும் இல்லை.

ஆகவே இன்பப் பயணத்துக்குப் பாய் விரிப்பவர் துப்பாக்கி இன்றியே போக வேண்டும்; துப்பாக்கி இல்லாமல் போக முடியாத கடலுக்குப் போகாமலிருக்க வேண்டும். பலநாள் படகில் தொழிலுக்குப் போகும் நீர்கொழும்பாரிடமோ சிலாபத்தாரிடமோ இதையே சொல்லிவிட்டுப் போக முடியாது. வள்ளுவரும் அகுஸ்தீனாரும் கொல்லும் அதிகாரத்தைத் தனியாளிடமிருந்து எடுத்துப் பொது அதிகாரத்திடம் ஒப்படைத்தார்கள் என்றால், காக்கும் கடனும் அதனோடு சேர்ந்தே போகிறது. தன் மீனவரை ஆயுதமின்றிக் கடலுக்கு அனுப்பும் அரசு, அவர்கள் படகுகளில் வேலை செய்யும் வானொலியும் இடங்காட்டும் கருவியும் இருப்பதையும், அபாய அழைப்பு வந்தால் பக்கத்து நாட்டுக் கடற்படைகளோடு அந்த மணியிலேயே பேசுவதையும் உறுதி செய்ய வேண்டும்.